5,400 ரூபாயை வாங்கிட்டு என் நாய்க்குட்டியை ட்ரிப்ஸ் வரைக்கும் கொண்டுபோன கடை

ஆத்திரம் இன்னும் அடங்கலை, அதே சூட்டோட எழுதுறேன். குட்டிக்கு டாக் ஃபுட் மாத்தும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க லட்டு மூணு மாச லாப்ரடார். குட்டியைக் கொடுத்தவங்க போட்ட அதே பப்பி ஃபுட்டைத்தான் நாங்களும் போட்டுட்டு இருந்தோம். அது தீர்ந்துபோய், சென்னையில மெயின் ரோட்டு மேல இருக்கிற ஒரு பெட் ஷாப்புக்கு லட்டுவையும் தூக்கிட்டுப் போனேன். பேர் இப்போ போடலை, புகார் கொடுத்திருக்கேன்.

கடைக்காரர் லட்டுவை வாங்கி மடியில வெச்சுக்கிட்டார். ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயித்தை அமுக்கிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் லாப்தான்க்கா, இதே வயசுல இதைத்தான் போட்டேன்"னு 12 கிலோ மூட்டையை எடுத்து வெச்சார். ஆஃபர்ல 5,400 ரூபாய். பழசோட கலந்து கொடுக்கணுமான்னு வாய்விட்டுக் கேட்டேன். "அதெல்லாம் நெட்ல எழுதுறது. இன்னிக்கு ராத்திரியே முழுசா இதைப் போடுங்க, நான் இருக்கேன்ல"ன்னார். அந்த "நான் இருக்கேன்ல"தான் இப்பவும் காதுல கேக்குது. அவ்வளவு அக்கறையா குட்டியைத் தடவிக்கிட்டே சொன்னார்.

மறுநாள் விடியறதுக்குள்ள பேதி. தண்ணியா, சளி சளியா. மத்தியானம் வாந்தியும் சேர்ந்துக்கிச்சு. போன் பண்ணினா, "புதுச் சாப்பாடு அப்படித்தான் இருக்கும், செட் ஆகிடும்"னார். சாயங்காலம் எடுத்த பையன், "ஓனர் வெளியே போயிருக்கார்"னான். வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தடுப்பூசி இன்னும் முழுசா முடியாத குட்டிங்கிறதால முதல்ல பார்வோ டெஸ்ட் எடுத்தாங்க, குட்டிங்க உயிரையே எடுக்கிற வைரஸ் நோய் அது. இல்லைன்னு வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. திடீர்னு தீவனத்தை மாத்தினா குடல்ல இருக்கிற நல்ல கிருமிகள் தடுமாறும், குட்டிங்களுக்கு உடனே பேதியாகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் மூட்டையில தேதி என்னன்னு கேட்டாங்க. வீட்டுக்கு போன் போட்டுத் தம்பியைப் பார்க்கச் சொன்னா, தேதி இருக்கவேண்டிய இடத்துல கடையோட ஆஃபர் ஸ்டிக்கர். உரிச்சா உள்ளே தேதி முடிஞ்சு மாசங்கள் ஆயிருக்கு! மூட்டைக்குள்ள மூக்கை விட்டா சிக்குப் பிடிச்ச எண்ணெய் வாடை. கொழுப்பு கெட்டுப்போனா அப்படித்தான் நாறுமாம்.

மூட்டையோட கடைக்குப் போனேன். அதே மனுஷன், லட்டு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. "உடைச்ச மூட்டையை எடுக்க மாட்டோம்." ஸ்டிக்கரைக் காட்டினா, "கம்பெனியில இருந்து அப்படியே வந்தது." கம்பெனிக்காரனா உங்க கடைப் பேர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினான்னு கேட்டேன். "நீங்க பால் கொடுத்திருப்பீங்க மேடம்"னார். அக்கா போய் மேடம் ஆயிட்டேன். கடைசியில 5,400 ரூபாய்க்குப் பதிலா ஒரு ஷாம்பு பாட்டில் தர்றேன்னார்! வேண்டாம்னு வந்துட்டேன். இப்போ என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு.

ஆஸ்பத்திரி, ஆட்டோ, மருந்துச் செலவெல்லாம் தனி. அந்த விஷ மூட்டைக்கு மட்டும் 5,400 ரூபாய். எங்க வீட்டுக்கு அது ஒரு மாச மளிகை.

லட்டு இப்போ கஞ்சி குடிக்கிறா, வாலாட்டுறா. அவளுக்கு மருந்து நேரம் ஆச்சு, அதனால சுருக்கமா சொல்லிடறேன். பழைய தீவனம் தீர்றதுக்கு முன்னாடியே புதுசை வாங்குங்க. பழசோட புதுசைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்குன்னு கலந்து ஏழுல இருந்து பத்து நாள்ல மாத்துங்க. தேதி மேல எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் கடையிலேயே உரிச்சுப் பாருங்க, விடலைன்னா வாங்காதீங்க. துண்டுச் சீட்டு வேண்டாம், ஒழுங்கான பில் கேளுங்க. எனக்குக் கொடுத்தது துண்டுச் சீட்டுதான், ஜிபேல அனுப்பின ஆதாரம் இருக்கிறதால தப்பிச்சேன். மூட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு 1915க்குக் கூப்பிடுங்க, அது நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா வழக்குக் கட்டணம் கிடையாது, நான் அங்கேயும் போகப்போறேன். குட்டிக்கு வாந்தி பேதி ரெண்டும் சேர்ந்து வந்தா கடைக்காரனுக்கு போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.