கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்கு போய்ட்டு வந்த அனுபவம்: வீட்டு கரண்ட் வேலைக்கு சர்டிபிகேட் வேணுமா?

இந்த தடவ ஊருக்கு போனப்ப பேங்க் வேலை, ஆதார்ல அட்ரஸ் மாத்துறது, பஸ்சு எல்லாமே பரவால்ல, முன்ன மாதிரி அலைய விடல, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல போய் நின்னா காவேரிப்பட்டணத்துக்கு ஒடனே வண்டி கெடைக்குது. அதெல்லாம் இதோட விட்டுர்றேன். எழுத வேண்டியது கரண்ட் வேலைய பத்தி. வீட்டுக்குள்ள வயர் இழுக்குறவர் கையில ஒரு சர்டிபிகேட் இருக்கணுமா வேணாமான்னு எங்க மாமாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. கண்டிப்பா இருக்கணும்ங்கிறது என் கட்சி.

நான் சிங்கப்பூர்ல பில்டிங் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், எலக்ட்ரீஷியன் கெடையாது, ஆனா தினமும் அவங்க கூட தான் வேலை. காவேரிப்பட்டணம் பக்கத்துல அம்மா இருக்கற வீட்டு மாடி ரூமுக்கு ஒரு ஏசி, பாத்ரூமுக்கு ஒரு வாட்டர் ஹீட்டர், கூடவே வீட்டு லைனெல்லாம் பிரியுற டிபி பாக்ஸ்ல ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்), இவ்ளோ தான் கேட்டது. மாமா ஒரு பையன கூட்டிட்டு வந்தார். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல தங்கமான பையன், கை வேகம்னா அப்படி ஒரு வேகம், செவுத்துல காடி வெட்டி பைப் பதிச்சு வயர் இழுத்து சாயங்காலத்துக்குள்ள ஏசிய ஓட விட்டுட்டான். எங்க பக்கம் இந்த தொழிலுக்கு வர்றவங்க நெறய பேர் போர் மோட்டார் வழியா வந்தவங்க தான், தோட்டத்துல ஸ்டார்ட்டர் பாத்து, காயில் கட்ட கத்துக்கிட்டு, அப்பறம் வீட்டு லைனுக்கு வர்றது. த்ரீ பேஸ் மோட்டார்ல என்ன கோளாறுன்னு சத்தத்த வச்சே சொல்லிடுவாங்க, அந்த தெறமைய நான் கொறச்சே பேச மாட்டேன்.

ஆனா ராத்திரி மாடில லைட்ட போட்டா ஆர்சிசிபி விழுந்துடுது, அதாவது அதோட சுவிட்ச் தானா கீழ எறங்கி கரண்ட் கட்டாய்டுது. மறுபடி தூக்கி விட்டா மறுபடி விழுது. வேலை பாத்த அந்த தம்பிய கூப்ட்டோம், காலைல வந்தான், அரை மணி நேரத்துல "சரியாய்டுச்சுணா, பீஸ் கொஞ்சம் மக்கர், அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த வேலைக்கு கெளம்பிட்டான். அதுக்கப்பறம் விழவே இல்ல. எனக்கு மனசு ஒப்பல, ஆர்சிசிபில 'T'ன்னு எழுத்து போட்ட ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும்ல, அத அமுக்குனா டக்குனு கீழ விழணும், நான் அமுக்குறேன் அமுக்குறேன் ஒன்னுமே ஆகல. மெயின ஆஃப் பண்ணிட்டு கவர கழட்டி பாத்தா, மேல இருந்து வர்ற ரெண்டு வயரையும் கீழ போற ரெண்டு வயரோட நேரா முறுக்கி கருப்பு டேப் சுத்தி வச்சிருக்கான். ஆர்சிசிபி சும்மா ஒக்காந்திருக்கு, அதுக்குள்ள ஒரு வயரும் போகல. அம்மா ஈரக்கையோட ஹீட்டர் சுவிட்ச போடுற வீடு அது.

ஆர்சிசிபி மொதல்ல ஏன் விழுந்துச்சுன்னு தெரிஞ்சா தான் இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு மட்டும் தான் ஆர்சிசிபி பாக்கும், வீட்டுக்கு போடுறதுல 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே யாரோ ஒடம்பு வழியாவோ செவுரு வழியாவோ பூமிக்கு போகுதுன்னு எடுத்துக்கிட்டு கட் பண்ணிடும். எங்க வீட்டுல இன்வெர்ட்டர் லைன் ஆர்சிசிபி வழியா போகாம தனியா போகுது. மாடி ரூம் லைட்டுக்கு பேஸ் இன்வெர்ட்டர்ல இருந்து வருது, நியூட்ரல மட்டும் எப்பவோ யாரோ பக்கத்து பாக்ஸ்ல கெடச்சதுல மாட்டி விட்டுட்டாங்க, அது இப்ப ஆர்சிசிபி வழியா வர்ற நியூட்ரல். ஆக போறது ஒரு வழி, வர்றது வேற வழி, கணக்கு இடிக்குது, விழுது. ஆர்சிசிபில ஒரு மக்கரும் இல்ல, அது அதோட வேலைய ஒழுங்கா தான் பாத்துச்சு. தப்பா இருந்த வயர தேடி மாத்துறதுக்கு பதிலா தப்ப காட்டிக்குடுத்தத எடுத்து விட்டாச்சு. தம்பி இத கெட்ட எண்ணத்துல பண்ணல, அது எதுக்கு இருக்குன்னு அவனுக்கு யாரும் ஒக்கார வச்சு சொல்லித்தரல, அவ்ளோ தான், அங்க தான் நான் சர்டிபிகேட்ட பத்தி பேசுறேன்.

அப்பறம் கிருஷ்ணகிரில இருந்து ஐடிஐ படிச்சு வயர்மேன் சர்டிபிகேட் வச்சிருக்க ஒருத்தர கூட்டிட்டு வந்தேன். வயர்ல கசிவு இருக்கான்னு அளக்குற மெக்கர், எர்த் நல்லா இருக்கான்னு அளக்குற எர்த் டெஸ்டர் ரெண்டும் கையோட கொண்டு வந்தார், அந்த ரெண்டையும் எங்க தெருவுல யாரும் பாத்ததில்ல, எல்லார் பாக்கெட்டுலயும் லைட் எரியுற ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர் தான். மொதல்ல எந்த வேலையும் தொடல, ஒவ்வொரு சர்க்யூட்டா பிரிச்சு அளந்து நோட்டுல எழுதுனார். நியூட்ரல கண்டுபிடிச்சு மாத்துனார். அப்பறம் எர்த்த அளந்தார், அது சுத்தமா தேறல. அப்பா கட்டுனப்ப குழி தோண்டி மூணு அடிலயே பாறை வந்துடுச்சு, எர்த் பைப்ப வெட்டி சின்னதாக்கி பொதச்சிருக்காங்க, எங்க ஜில்லால எங்க தோண்டுனாலும் இந்த கத தான், மண்ணும் காஞ்சு கெடக்கும். கெணத்தடி பக்கம் ஈரமா இருக்கற எடத்துல புதுசா ரெண்டு குழி போட்டு ரெண்டையும் சேத்து விட்டார், ரீடிங் எறங்குனத காட்டுனார். ஹீட்டர் பாயிண்ட்ல இன்னொன்னும் கண்டுபிடிச்சார், எர்த் பின்னுக்கு நியூட்ரல்ல இருந்தே ஒரு துண்டு வயர் லூப் போட்டிருந்தாங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்துச்சுன்னா ஹீட்டரோட இரும்பு ஒடம்பு முழுக்க கரண்ட் நிக்கும். இது எங்க ஊர்ல ரொம்ப சாதாரணமா பண்றாங்க, தயவு செஞ்சு உங்க வீட்லயும் ஒரு தடவ பாக்க சொல்லுங்க.

மாமா கேட்டது ஒரே கேள்வி தான், "மாப்ள, பதினஞ்சு வருசமா இந்த ஊருக்கே அவன் தான் லைன் பாக்குறான், ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆகல, சர்டிபிகேட் கேட்டா அவன் பொழப்பு என்னாவறது?" பொழப்பு கேள்வி நியாயமானது, அதுக்கு வர்றேன். ஒன்னும் ஆகலங்கிறத தான் என்னால ஒத்துக்க முடியல. நாட்டுல வருசத்துக்கு 10,000 பேருக்கு மேல கரண்ட் அடிச்சு சாகுறாங்கன்னு தேசிய குற்ற ஆவண காப்பகமே கணக்கு போடுது. துணி காயப்போடுற கம்பில ஷாக், கிரைண்டர்ல ஷாக்னு பேப்பர்ல வர்ற சேதி நம்ம பக்கத்துல எவ்ளோ. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் 3 யானை கரண்ட் வேலில செத்து ரெண்டு குட்டி தனியா நின்னுச்சே, அது திருட்டு வேலி, வேற கேஸு தான், ஆனா கரண்ட யார் வேணாலும் எப்படி வேணாலும் எடுக்கலாம்ங்கிற நெனப்பு ரெண்டுலயும் ஒன்னு தான்.

பல பேருக்கு தெரியாதது, சட்டம் ஏற்கனவே இருக்கு. 1956 மின்சார விதிகள்லயே இருந்துச்சு, மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிகள்லயும் வந்துச்சு, அதுக்கு பதிலா 2023ல புது விதிகளும் வந்தாச்சு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாத்துறத தவிர மத்த வயரிங் வேலைய லைசன்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமா, தகுதி சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வைல தான் செய்யணும். தமிழ்நாட்டுல இதுக்குன்னு மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கு, சூப்பர்வைசர், வயர்மேன், வயர்மேன் ஹெல்பர்னு படிப்படியா சான்றிதழ் குடுக்குது. ஆனா கேக்குற ஆள் இல்ல. புது வீட்டுக்கு சர்வீஸ் வாங்குறப்ப மட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டுல ஒரு கையெழுத்து வேணும், எங்க சொந்தத்துல ஒருத்தர் வீடு கட்டுனப்ப கையெழுத்து போட்டவர் வீட்டு வாசலையே மிதிக்கல, காசு குடுத்து வாங்குனது தான். அதுக்கப்பறம் அந்த வீட்டுக்குள்ள ஏசி, ஹீட்டர், இன்டக்‌ஷன்னு எவ்ளோ ஏத்துனாலும் யாரும் எட்டிப்பாக்க போறதில்ல.

சிங்கப்பூர்ல எனர்ஜி மார்க்கெட் அத்தாரிட்டி லைசன்ஸ் குடுத்தவர் தான் வீட்டு வயரிங்க தொடணும், எலக்ட்ரீஷியன் லைசன்ஸ்னா 45 கேவிஏ அளவு லோடு வரைக்கும், அதுக்கு மேலன்னா டெக்னீஷியன், இன்ஜினியர்னு வேற வேற லைசன்ஸ். பேர போட்டு அவங்க வெப்சைட்டுலயே யார் வேணாலும் தேடி பாத்துக்கலாம். 1985 ஜூலைக்கு அப்பறம் கட்டுன வீட்டுக்கெல்லாம் அப்பவே ஆர்சிசிபி கட்டாயம், அதுக்கு முந்தின பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலைல இருந்து கட்டாயமாக்கி ரெண்டு வருசம் டைம் குடுத்தாங்க. ஒரு சாக்கெட் போட கூட கூலி ஜாஸ்தி தான், ஆள் வர்றதுக்கு காத்து கெடக்கணும், அந்த கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா தப்பு நடந்தா யார கேக்குறதுன்னு ஒரு பேரும் நம்பரும் பேப்பர்ல இருக்கு.

மாமா கேட்ட பொழப்பு விஷயம். நாளைக்கே சர்டிபிகேட் இல்லாதவன் வேலை பாக்க கூடாதுன்னு அடிச்சு வெரட்டுனா எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு ஆள் கெடைக்காது, அவங்க குடும்பமும் ரோட்டுக்கு வரும், அத நான் கேக்கவே இல்ல. அனுபவத்துல கத்துக்கிட்டவங்களுக்குன்னே அரசு மின்கம்பியாள் உதவியாளர் (மேல சொன்ன வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வுன்னு ஒன்னு நடத்துது, வேலைவாய்ப்பு பயிற்சித் துறை மூலமா, 21 வயசு ஆகி அஞ்சு வருசம் வேலை பாத்த அனுபவம் இருந்தா எழுதலாம். தம்பிகிட்ட கேட்டேன், அப்படி ஒன்னு இருக்கறதே தெரியாதுன்னான், அவன் கூட தொழில் பண்ற யாருக்கும் தெரியாதாம். இத எலக்ட்ரிக்கல் கடைங்கள்ல நோட்டீஸ் ஒட்டி சொல்லலாமே, வயர் வாங்க எல்லாரும் அங்க தானே வர்றாங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஐடிஐல சாயங்காலம் ஒரு மாசம் கிளாஸ் வச்சு எர்த்திங், ஆர்சிசிபி, மெக்கர் பிடிக்கிறது இத மட்டும் சொல்லிக்குடுத்தா போதும், மத்தது அவங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும்.

பேப்பர் இருந்தா மட்டும் போதாதுன்னும் சொல்றாங்க, ஐடிஐ முடிச்சவன் ஒழுங்கா ஸ்க்ரூ கூட முறுக்க மாட்டேங்குறான்னு. இருக்கலாம். அதனால தான் ஆளுக்கு சர்டிபிகேட்டோட வேலைக்கும் ஒரு பேப்பர் வேணும்ங்குறேன், என்ன சைஸ் வயர், எர்த் ரீடிங் எவ்ளோ, ஆர்சிசிபி டெஸ்ட் பண்ணா விழுதா, கீழ ஒரு கையெழுத்து. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல ஏசிய மாட்டி 32 ஆம்ப் எம்சிபி (லோடு ஜாஸ்தியானா கட் பண்ற சுவிட்ச்) போட்டு வச்சா எம்சிபி விழறதுக்குள்ள வயர் வெந்துடும், இதெல்லாம் எழுதி குடுக்கணும்னு வந்தாலே கை ஒரு நிமிசம் யோசிக்கும்.

கீழ் வீட்டு வயரிங் இன்னும் பழசாவே கெடக்கு, மாம்பழ சீசன் முடிஞ்சதும் மாத்துறதுன்னு முடிவு. கிருஷ்ணகிரிக்காரர் மேற்பார்வை, தம்பி கை வேலை, அளந்து எழுதி குடுக்குறது அவர் பொறுப்பு, ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன், தம்பி சந்தோசமா தான் ஒத்துக்கிட்டான், தேர்வு அப்ளிகேசன் எப்ப வரும்னு அவர்கிட்டயே கேட்டு வச்சிருக்கான். ரெண்டு கூலி ஆகுதேன்னு மாமா தான் இழுத்தார், ஆகட்டும் மாமா, நான் அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.