பிரீடர்ஸ் கப் நைட்டு: ஓட்டம் முதல் தரம், டிவிக்காரங்க வாய்தான் ஓயல

2025 பிரீடர்ஸ் கப்ப கீழக்கரையில உக்காந்து ராத்திரி முழுக்க பார்த்த கூட்டத்துல நானும் ஒருத்தன். ரிவ்யூ எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், இப்பதான் கை வந்துச்சு. குதிரைகளுக்கு அஞ்சுக்கு அஞ்சு. காட்டுன விதத்துக்கு ரெண்டரை, அதுலயும் ரெண்டு மார்க்கு, ஓட்டத்த வர்ணிச்ச மனுசனுக்கு. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல கோட்டு போட்டுக்கிட்டு பேசுனாங்களே, அவங்களுக்கு நான் மார்க்கே போடல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1984ல ஆரம்பிச்ச அமெரிக்கக் குதிரைப் பந்தயம், அப்பப்ப இடம் மாறும், ரெண்டு நாளு, மொத்தம் 14 ஓட்டம். வெள்ளிக்கிழமை ரெண்டு வயசு குட்டிங்களுக்கு, சனிக்கிழமை பெருசுங்களுக்கு. அதுல முக்கியமானது கிளாசிக், பரிசு 70 லட்சம் டாலர், தூரம் ஒன்னேகால் மைல், ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். இந்த தடவ கலிபோர்னியாவுல டெல் மார்னு ஒரு ஊரு, பசிபிக் கடல ஒட்டியே மைதானம், மேல இருந்து காட்டுறப்ப கடலு தெரியுது. நமக்கு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு மேல ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலு மணி வாக்குல கிளாசிக். கணக்கு போட்டு பாருங்க, அது வரைக்கும் ஓடுன ஓட்டம் எல்லாத்தையும் சேர்த்தாலும் இருவது நிமிசம் வராது, மிச்சம் அஞ்சு மணி நேரமும் பேச்சுதான்.

எங்க வீட்டுல இந்தப் பைத்தியம் துபாய்ல இருக்குற காக்காவால, அதான் எங்க அண்ணனால, வந்தது. அவுக மெய்தான் மைதானத்துல 2024 யுஏஇ டெர்பிய நேர்ல பார்த்தவுக. அதுல ஜெயிச்சது ஃபாரெவர் யங்னு ஒரு ஜப்பான் குதிரை, அன்னைல இருந்து அது எங்க வீட்டுக் குதிரை மாதிரி ஆயிடுச்சு. காசு கட்டுற சோலியே கிடையாது, அது நமக்கு ஹராம், குதிரை ஓடுறத பார்க்குறதுக்கு எந்தத் தடையும் இல்ல. அதனால இந்த ரிவ்யூவுல எந்த குதிரைல கட்டலாம்னு தேடாதீங்க.

அந்தக் குதிரையோட கதைய சொன்னாதான் கிளாசிக் ஏன் அப்படி இருந்துச்சுன்னு புரியும். 2024 மே மாசம் 150வது கென்டக்கி டெர்பி, அமெரிக்காவுல பேர் போன குதிரைப் பந்தயம், கடைசி நேர் பாதையில மிஸ்டிக் டான் முன்னாடி போயிருச்சு, பின்னாடி சியரா லியோனும் ஃபாரெவர் யங்கும் ஒன்ன ஒன்னு இடிச்சுக்கிட்டே வந்து மூணும் சேர்ந்தாப்புல கோட்ட தொட்டுச்சு, போட்டோ பார்த்துதான் சொன்னாங்க, மூக்கு வித்தியாசத்துல நம்மாளு மூணாவது. இடிச்சதுல சியரா லியோன் ஜாக்கிக்கு அப்பறமா 2,500 டாலர் அபராதம், ஆனா ரிசல்ட் மாறல, காக்கா ஒரு வாரம் புலம்புனாக. அதே வருஷம் டெல் மார் கிளாசிக்ல முன்னாடி போனதுங்க கண்ணு மண்ணு தெரியாம ஓடி களைச்சு போக, பின்னாடி இருந்து சியரா லியோன் வந்து தூக்கிருச்சு, நம்மாளு மறுபடியும் மூணாவது. 2025ல சவுதி கப்ப ஜெயிச்சுட்டு துபாய் வேர்ல்ட் கப்புக்கு வந்தா அங்கயும் மூணாவது!

இப்ப 2025 கிளாசிக். அந்த வருஷம் கென்டக்கி டெர்பி ஜெயிச்ச சாவரின்டிக்கு காய்ச்சல்னு சொல்லி அந்த வாரமே வெளிய எடுத்துட்டாங்க, அதுல பாதிப் பேருக்கு சுவாரசியம் போச்சு, எங்களுக்கு போகல. கேட் தொறந்த உடனே நம்மாளு முன்னாடி போறதுங்கள ஒட்டியே வந்துச்சு, பின்னாடி தங்கவே இல்ல. டெல் மார்ல கடைசி நேர் பாதை குட்டை, 919 அடிதான், டெர்பி நடக்குற சர்ச்சில் டவுன்ஸ்ல 1,200 அடிக்கு மேல, அதனால இங்க பின்னாடி இருந்து ஓடி வர்ற குதிரைக்கு இடம் பத்தாது, ஜாக்கி ரியூசெய் சாகாய் அத தெரிஞ்சு வளைவு முடியுறப்பவே முன்னாடி வந்துட்டாரு, அப்பறம் சியரா லியோன் வருது வருது வருதுன்னு எங்க மச்சான் பாயில இருந்து எந்திரிச்சு நின்னுட்டாரு, அரைக் குதிரை நீள வித்தியாசத்துல நம்மாளு ஜெயிச்சுருச்சு. மூணாவது ஃபியர்ஸ்னஸ். கிளாசிக்க ஒரு ஜப்பான் குதிரை ஜெயிக்கிறது இதுதான் முதல் தடவ. டிரெய்னர் யோஷிடோ யாஹாகி, கலர் கலரா தொப்பி போடுவாரே அவருதான், 2021லயும் இதே டெல் மார்ல ரெண்டு ஓட்டம் ஜெயிச்சவரு.

இதுல எங்களுக்கு என்ன எரிச்சல்னா, இவ்வளவு பெரிய கதை கையில இருந்தும் டிவில அத சொல்ல நேரமே இல்ல. எந்நேரமும் ஒரு ஆளு ஸ்கிரீன் முன்னாடி நின்னு எந்த குதிரைக்கு என்ன விலை, அதாவது ஜெயிச்சா கட்டுன காசுக்கு எத்தன மடங்கு, எத எதோட சேர்த்து கட்டுனா எவ்வளவு வரும்னு கணக்கு. அங்க கட்டுற காசெல்லாம் ஒரே உண்டியல்ல விழுந்து ஜெயிச்சவங்களுக்கு பிரிச்சு குடுக்குற முறை, அதனால கேட் தொறக்குற வரைக்கும் விலை மாறிக்கிட்டே இருக்கும், அதையும் மாறி மாறி காட்டுவாங்க. அப்பறம் யாரு என்ன டிரெஸ், எந்த நடிகர் வந்திருக்காரு, எந்த தொப்பி அழகு. பேடக்ல, அதான் ஓட்டத்துக்கு முன்னாடி குதிரைய நடத்திக் காட்டுற இடத்துல, குதிரை சுத்தி வர்றத நிறுத்தி நிதானமா காட்டுனா அது வேர்த்திருக்கா, மிரளுதா, காத நிமிர்த்தி நடக்குதான்னு பார்த்தே பாதி ஓட்டத்த சொல்லிரலாம், அத அஞ்சு செகண்டு காட்டிட்டு மறுபடி கோட்டுக்காரங்க. வாப்பா தொதல மென்னுக்கிட்டே "பேசுறத நிறுத்திட்டு குதிரைய காட்டச் சொல்லுடா"ன்னாக. அவ்வளவுதான் ரிவ்யூவே.

நம்ம ராம்நாடு பக்கம் வண்டிப் பந்தயம் பார்த்தவங்களுக்கு இது இன்னும் உறைக்கும். மைக் புடிச்ச ஆளு ஜீப்புல கூடவே வருவாரு, முதல்ல யாரு வண்டி, ரெண்டாவது எந்த ஊரு, நடுவுல எவ்வளவு இடைவெளி, சாரதி யாரு, இத விட்டு வேற ஒன்னும் வாய்ல வராது, கொடி வாங்குற வரைக்கும் நமக்கு கண்ணு அங்கிட்டு இங்கிட்டு போகாது. அந்த வித்தை தெரிஞ்ச ஒரே ஆளு அங்க லாரி கால்மஸ், டெர்பியும் அவருதான் பல வருஷமா சொல்றாரு. ஓட்டம் ஆரம்பிச்சா ஒவ்வொரு குதிரையா வரிசையா சொல்லி, முதல் கால் மைல் எத்தன செகண்டு, அரை மைல் எத்தன செகண்டுன்னு சொல்லி, திரும்ப முன்னாடிக்கு வந்து, கடைசில குரல ஏத்துவாரு பாருங்க, பாஷை புரியாத வாப்பாவே நிமிர்ந்து உக்காந்தாக.

டெர்பி கவரேஜும் இதே லட்சணம்தான், இன்னும் தொப்பி ஜாஸ்தி. ஆனா ரெண்டு வருஷத்த மட்டும் கொற சொல்ல மாட்டேன். 2019ல மேக்சிமம் செக்யூரிட்டி முதல்ல வந்துட்டு, வளைவுல குறுக்க விழுந்துச்சுன்னு அப்பீல் ஆகி, இருவது நிமிசத்துக்கு மேல இழுத்து கடைசில தகுதி நீக்கம், 65க்கு 1 விலைல இருந்த கன்ட்ரி ஹவுஸ் ஜெயிச்சதா சொன்னாங்க, அந்த இருவது நிமிசமும் திரும்பத் திரும்ப ஒவ்வொரு கோணத்துல காட்டுனாங்க, பேசுறதுக்கு விஷயம் இருந்தா அவங்களுக்கும் பேச வருது. 2022ல ரிச் ஸ்ட்ரைக். முந்தின நாளு வரைக்கும் லிஸ்ட்லயே இல்ல, ஒரு குதிரை விலகுனதால உள்ள வந்து 80க்கு 1ல ஜெயிச்சுச்சு. மேல இருந்து எடுத்த காட்சி ஒன்னு இருக்கு, கூட்டத்துக்குள்ள சந்து சந்தா பூந்து உள்பக்கமா வந்து எல்லாத்தையும் தாண்டுறது, அத பார்க்காம விட்டுறாதீங்க. ஜெயிச்சுட்டு பக்கத்துல கூட்டிப் போக வந்த குதிரைய கடிச்சுச்சு, அதையும் விடாம காட்டுனாங்க, அதுக்கு ஒரு சபாஷ்.

ஆனா குதிரை செத்தா மட்டும் குரல் கம்மியாயிருது. 2023ல டெர்பி சமயத்துல சர்ச்சில் டவுன்ஸ்ல 12 குதிரைங்க செத்து, ஜூன்ல பந்தயத்தையே வேற மைதானத்துக்கு மாத்துனாங்க, டெர்பி அன்னைக்குள்ளயே ஏழு செத்திருந்துச்சு, அவ்வளவு பெரிய சமாச்சாரம் தொப்பி பேச்சுக்கு நடுவுல ஒதுங்கிப் போச்சு. இப்ப சாட்டைய ஒரு ஓட்டத்துல ஆறு தடவைக்கு மேல வீசக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அத எண்ணி காட்டலாம்ல? பாண்டிய ராஜா காலத்துல அரபு நாட்டுல இருந்து நம்ம கடற்கரைக்கு கப்பல் கப்பலா குதிரை வந்து, பராமரிக்கத் தெரியாம செத்துப் போனத மார்க்கோ போலோவே எழுதி வச்சிருக்காரு. அந்தாளு அளவுக்காவது சொல்லுங்கப்பா.

பார்க்கப் போறவங்களுக்கு சில விஷயம். நம்ம பக்கம் நவம்பர்னா மழை, கரண்டு எப்ப போகும்னு தெரியாது, போன்ல சார்ஜும் டேட்டாவும் வச்சுக்கங்க. நாங்க பார்த்த ஆப் பேரு வேணாம், நேரலைன்னு சொல்லிட்டு அர நிமிசம் பின்னாடி ஓடுச்சு, குதிரை வளைவுலயே இருக்கு, துபாய்ல இருந்து காக்கா "அல்ஹம்துலில்லாஹ்"னு வாய்ஸ் நோட்டு போட்டுட்டாக. குரூப்ப மியூட் பண்ணிருங்க. டெர்பிக்கு இன்னொரு சிக்கல், மே மாசம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் அங்க ஓடுறது நமக்கு ஞாயித்துக்கிழமை நாலரை மணி வாக்குல, பஜ்ரு (விடியக்காலைத் தொழுகை) பாங்கும் அந்த நேரம்தான், ஓட்டம் கொஞ்சம் லேட்டானா பள்ளிவாசலுக்கு ஓடணும். கிளாசிக்குக்கு அந்த தொல்லை இல்ல, பாங்குக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு.

ராத்திரி முழிக்க முடியாதவங்க முழிக்கவே வேணாம். பிரீடர்ஸ் கப் சேனல் யூடியூப்ல இருக்கு, ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியா போட்டிருக்காங்க, தொப்பியும் இல்ல விலையும் இல்ல. 2024 கிளாசிக்கையும் 2025 கிளாசிக்கையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, அதே மைதானம், அதே மூணு குதிரை, ரெண்டு தடவையும் ஃபாரெவர் யங் வளைவுல எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க. 2026க்கு கென்டக்கில கீன்லேண்ட்ல வைக்கிறாங்க, காக்கா இப்பவே நாள் கேட்டுட்டாக.