ஒரு வளவு, ஒரு லைன், ஐந்து ஹேன்ட்செட்: எட்டு வருட கோட்லெஸ் போன் அனுபவம்

2017இல் கோட்லெஸ் போன் வாங்கப் போனபோது இரண்டு ஹேன்ட்செட் போதும் என்று நினைத்துத்தான் போனேன். இன்று ஐந்து ஓடுகின்றன. அன்றைக்குக் கடையில் கொஞ்சம் யோசித்து, பிறகு கூட்டிக்கொள்ளக்கூடிய செட்டாக எடுத்ததால் இது முடிந்தது. இப்போதும் வீட்டுக்கு ஒரு போன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக வயதானவர்கள் இருக்கிற வீடுகளில். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மட்டக்களப்புப் பக்கத்து வளவுகள் தெரிந்தவர்களுக்கு எங்கள் நிலைமை உடனே விளங்கும். பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். அடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு எழும்பும். ஆரையம்பதியில் எங்கள் வளவும் அப்படித்தான். முன்வீடு எனக்கு. பின்னால், தகரம் போட்ட இரண்டு அறை வீட்டில் அம்மாவும் அப்பாவும். கிழக்குப் பக்கம் தங்கச்சியின் வீடு, 2020இல் குடிபுகுந்தார்கள். 065இல் தொடங்கும் லேண்ட்லைன் நம்பர் மட்டும் ஒன்றே ஒன்று, அது முன்வீட்டு ஹோலில்.

முன்பெல்லாம் கனடாவிலிருந்து பெரியம்மா எடுத்தால் நான் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, குசினிக் கதவைத் திறந்து, வளவுக்குள் நின்று கத்த வேண்டும். அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிணற்றடியைச் சுற்றி வந்து சேர்வதற்குள் பாதி நாள் லைன் கட்டாகிவிடும். "மறுகா எடுப்பா" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார். அவருக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். பட்டன் இல்லாத போனில் அவர் விரல் நிற்கவில்லை. பச்சை பட்டன், சிவப்பு பட்டன், கையில் பிடிக்கிற கனம், இது மூன்றும் இருந்தால் அவருக்குப் போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு பாடம் கிடைத்தது. சித்தியின் மகன் டொரன்டோவிலிருந்து வரும்போது நான்கு ஹேன்ட்செட் உள்ள அழகான செட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். பெட்டியில் டெக்ட் 6.0 என்று போட்டிருந்தது. பிளக் பொருந்தாததால் மாற்று பிளக் ஒன்றைப் போட்டுச் சொருகினோம். சின்னதாக ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான், அடப்டர் போய்விட்டது. அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. சரி, அடப்டரை மாற்றலாம் என்று போன் திருத்துகிறவரிடம் கொண்டுபோனால், அவர் அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னார். கோட்லெஸ் போன்களின் டெக்ட் முறை ஐரோப்பாவில் உருவானது. அது வேலை செய்வது 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரை. வட அமெரிக்காவில் அதே முறையை 1920 முதல் 1930க்கு மாற்றி, 6.0 என்று விற்பனைப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறாவது தலைமுறை என்று அதற்குப் பொருளில்லை. அந்த 1920இலிருந்துதான் நம் பக்கத்து 3ஜி மொபைல் போன்கள் டவருக்கு அனுப்புகிற அலைவரிசை தொடங்குகிறது. ஆகவே அந்த செட்டை இங்கே ஓடவிட்டால் மற்றவர்களின் மொபைல் லைனில் குறுக்கிட இடம் இருக்கிறது. தம்பி ஆசையோடு தூக்கிவந்த சாமான்தான், ஆனாலும் அலுமாரிக்குள் வைத்தோம். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: லண்டன், ஜெர்மனி, பிரான்ஸ் என்றால் அலைவரிசை ஒத்துப்போகும், கனடா அமெரிக்கா வேண்டாம்.

அப்புறம் டவுனில் ஒரு கடையில் இரண்டு ஹேன்ட்செட் உள்ள செட்டை எடுத்தேன். நான் பார்த்தது இரண்டே விஷயம். ஒரு பேஸில், அதாவது லைன் வயர் சொருகுகிற தாய்ப்பெட்டியில், எத்தனை ஹேன்ட்செட் சேர்க்கலாம் என்பது ஒன்று. இந்த செட்டில் ஆறு. இரண்டாவது, பெட்டியிலோ கையேட்டிலோ 'கேப்' (GAP) என்ற மூன்று ஆங்கில எழுத்துக் குறி இருக்கிறதா என்பது. அந்தக் குறி இருந்தால் வேறு கம்பனியின் ஹேன்ட்செட்டையும் இந்த பேஸில் பதியலாம். பேசுவது, எடுப்பது என்ற அடிப்படை வேலைகள் நடக்கும். அன்று கடைக்காரத் தம்பி, "அக்கா, ஆன்சரிங் மெஷின் உள்ளதை எடுங்க" என்று வற்புறுத்தினார். எடுத்திருந்தால் இந்த எட்டு வருடத்தில் ஒருநாள்கூடப் பயன்பட்டிருக்காது. எங்கள் ஆட்கள் மெஷினோடு பேச மாட்டார்கள், வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார்கள்.

முதல் மாதம் ஏமாற்றம்தான். கையேட்டில் திறந்தவெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று இருந்தது. அம்மாவின் வீடு ஹோலிலிருந்து நூற்றிருபது அடிகூட வராது. ஆனால் இடையில் மூன்று சுவர், ஒரு ஃபிரிட்ஜ், அதற்கப்பால் அம்மாவின் குசினிக்குத் தகரச் சுவர். அம்மா அடுப்படிக்குப் போனால் குரல் துண்டு துண்டாக வரும், பிறகு பீப் பீப் என்று கத்திவிட்டு அறுந்துவிடும். சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்கு அனுப்புகிற ரிப்பீட்டர் வாங்கலாமா என்று பார்த்தேன். அது எல்லா பேஸோடும் சேராது, அந்தக் கம்பனியினுடையதாகவே தேட வேண்டும். கடைசியில் என் கணவர் இருபது அடி போன் வயர் வாங்கிவந்து, பேஸை ஹோலிலிருந்து எடுத்து, சாப்பாட்டு அறையின் பின் ஜன்னலுக்கு மேல் பலகை அடித்து வைத்தார். ஜன்னல் வழியாக நேரே அம்மாவின் வாசல் தெரியும். அன்றோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வைஃபை ரவுட்டர் அதே அறையில்தான் இருக்கிறது. அது 2.4, 5 கிகாஹேர்ட்ஸில் ஓடுவதால் இரண்டும் ஒன்றை ஒன்று குழப்பவில்லை. போனை வாங்கி ஹோலில் அழகாக வைத்துவிட்டு, கேட்கவில்லை என்று குறை சொல்வதற்கு முன் பேஸை நடுவீட்டுக்கு, உயரத்துக்கு மாற்றிப் பாருங்கள். செலவு ஒரு வயர்தான்.

மூன்றாவது ஹேன்ட்செட் 2019இல், எங்கள் படுக்கை அறைக்கு. அதை வாங்கியது இன்டர்கொம் ஒன்றுக்காகத்தான். வெளி அழைப்பைவிட எங்கள் வளவில் அதிகம் ஓடுவது இன்டர்கொம். அம்மா ஒரு பட்டனை அழுத்தி 1 என்றால் ஹோல், 3 என்றால் என் அறை. "புள்ள, மீன்காரன் வந்திருக்கான், சுறா இருக்கு, எடுக்கட்டா?" இப்படித்தான் காலை விடியும். காசும் போகாது. வெளியில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டு பேர் இன்டர்கொமில் பேசலாம். எல்லா செட்டிலும் இது இல்லை, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

2021இல் ஒரு இரவு, இரண்டரை மணி இருக்கும், தலைமாட்டில் இருந்த 3 அடித்தது. இன்டர்கொமுக்குத் தனி மணி வைத்திருந்ததால் அடித்த உடனே அம்மா என்று தெரிந்தது. "அப்பாவுக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு, ஓடி வா" என்றார். அதே ஹேன்ட்செட்டைக் கையில் பிடித்தபடி வளவுக்குள் ஓடிக்கொண்டே அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தேன். அப்பாவின் கட்டிலருகே நின்று, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அம்புலன்ஸ்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். என் மொபைல் அந்த நேரம் சத்தம் குறைத்து ஹோலில் சார்ஜில் கிடந்தது. அப்பா நான்கு நாளில் வீடு வந்தார். அந்த இரவுக்குப் பிறகு இந்த போனை யாராவது பழைய காலத்துச் சாமான் என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான்காவதுதான் சிக்கல். தங்கச்சி குடிவந்ததும் அதே மாடல் ஹேன்ட்செட் தேடினேன். மாடல் நின்றுபோய்விட்டது. டவுனில் மூன்று கடை, கல்முனையில் இரண்டு, எங்கும் இல்லை. கேப் குறியை நம்பி வேறு கம்பனியினது ஒன்றை வாங்கினோம். பேஸின் பட்டனை மணி அடிக்கும்வரை அழுத்திப் பிடித்து, ஹேன்ட்செட்டில் பதிவு என்ற இடத்துக்குப் போய், 0000 என்ற பின் நம்பரைப் போட்டால் சேர்ந்துவிடுகிறது. பேச்சு, இன்டர்கொம் இரண்டும் சரி. ஆனால் எங்கள் பெயர்ப் பட்டியல் அதற்குப் போகவில்லை, எடுக்கிறவரின் நம்பரும் சில நாள் காட்டும், சில நாள் காட்டாது. ஐந்தாவது 2023இல் அப்பாவின் கட்டிலுக்கு. அது எங்கள் செட்டின் கம்பனியே விட்ட புதிய மாடல், பெயர்ப் பட்டியலும் வந்தது. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: ஆறு சேர்க்கலாம் என்று பெட்டியில் இருப்பதை நம்பி, மெல்ல மெல்ல வாங்கலாம் என்று இருக்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை கட்டில், எத்தனை குசினி என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை எண்ணுங்கள். கையில் காசிருந்தால் ஒன்றிரண்டு ஹேன்ட்செட்டை அன்றே சேர்த்து எடுத்துவிடுங்கள்.

பட்டரி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் போனையே குப்பையில் போடுவது இதனால்தான். உள்ளே இருப்பது ட்ரிபிள் ஏ அளவு, 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பட்டரி இரண்டு. எங்களுக்கு இரண்டு, இரண்டரை வருடம் வருகிறது. அதற்குப் பிறகு சார்ஜ் நிறைந்தது என்று காட்டும், ஐந்து நிமிடம் பேசினால் அணைந்துவிடும். போன் பழுதாகவில்லை, பட்டரியை மாற்றினால் போதும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண பட்டரியை மட்டும் போடவே கூடாது. அது சார்ஜ் ஏற்றுவதற்கானதில்லை, சார்ஜ் தொட்டிலில் வைத்தால் சூடாகி ஒழுகும், வெடிக்கவும் கூடும். கடைகளில் கொள்ளளவு 3000 எம்ஏஎச் என்று அச்சடித்த ட்ரிபிள் ஏ கிடைக்கிறது. அந்த அளவு பட்டரியில் ஆயிரத்தைச் சுற்றித்தான் கொள்ளும், அதற்குமேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். என் செட்டில் வந்தது 550. நான் 750 போடுகிறேன், நன்றாக ஓடுகிறது.

கடற்காற்றுக்கு இன்னொரு வேலை. ஹேன்ட்செட்டின் அடியில் இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் இருக்கும், தொட்டிலிலும் அதேபோல இரண்டு. ஆறு மாதத்தில் அவை மங்கிப் பச்சை பிடிக்கும். ஹேன்ட்செட்டைத் தொட்டிலில் வைத்தால் லைட் ஒருமுறை மின்னிவிட்டு நின்றுவிடும், அம்மா வைத்துவிட்டேன் என்று போய்விடுவார், காலையில் போன் செத்துக் கிடக்கும். தொட்டிலின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் பென்சில் அழிறப்பரால் நாலு தேய் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தால் பளிச்சென்று வந்துவிடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் மகன் துடைக்கிறான்.

கரண்ட் இல்லாவிட்டால் பேஸ் இல்லை, பேஸ் இல்லாவிட்டால் ஐந்து ஹேன்ட்செட்டும் இல்லை. கோட்லெஸின் உண்மையான பலவீனம் இது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்களைக் காப்பாற்றியது பழைய வயர் போன்தான். செம்பு லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் இருக்க வேண்டியதில்லை. பிறகு எங்கள் லைன் ஃபைபருக்கு மாறியது. இப்போது சுவரில் இருக்கிற ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், வயர் போனும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். ரவுட்டருக்கு விற்கிற 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸை பேஸுக்கும் போடலாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அடப்டரைத் திருப்பிப் பார்த்தேன், 6.5 வோல்ட் என்று இருந்தது. போட்டிருந்தால் பேஸ் போயிருக்கும். இப்போது பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்றில் ஃபைபர் பெட்டி, பேஸ் இரண்டின் அடப்டரையும் சொருகியிருக்கிறோம். ஹேன்ட்செட்டுகளுக்கு உள்ளே பட்டரி இருப்பதால் அவற்றுக்கு வேண்டியதில்லை.

இடி மின்னல் காலம், ஐப்பசி கார்த்திகை, நமக்குத் தெரியும். மின்னும்போது வயர் போனைக் காதில் வைக்கக் கூடாது; கோட்லெஸ் ஹேன்ட்செட் லைனோடு தொடுப்பில்லாததால் பேசுகிறவருக்கு ஆபத்தில்லை. ஆனால் பேஸுக்கு ஆபத்து. செம்பு லைன் இருந்த காலத்தில் லைன் வயரை மட்டும் கழற்றிவிட்டு கரண்ட் பிளக்கை மறந்து ஒரு அடப்டரைப் பலிகொடுத்திருக்கிறோம். இன்னும் செம்பில் இருப்பவர்கள் இரண்டையும் கழற்றுங்கள்.

எட்டு வருடத்தில் மாறாதது பேஸும் முதல் இரண்டு ஹேன்ட்செட்டும். அம்மாவின் 2ஆம் நம்பரில் இன்டர்கொம் பட்டனின் எழுத்து முழுதாக அழிந்துவிட்டது. 1, 3, 5 பாதி அழிந்திருக்கிறது. மற்றதெல்லாம் புதிதுபோல இருக்கிறது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு என்னுடைய 3ஐக் கொடுக்கப் போனேன். அம்மா தரவில்லை. எழுத்து இல்லாவிட்டாலும் விரலுக்குத் தெரியும் என்றார். அதனால் பட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.