முனியா, முனுவா: பட்டா இணையதளத்தோடு ஏழு வருஷம்

போன வாரம் பெங்களூரிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். "இன்னாண்ணா, எல்லாமே ஆன்லைன்ல வந்துட்ச்சாமே, நான் வரத் தேவையில்லல்ல?" பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட தை மாதம் ஒருநாள் வந்து போனவன், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இனிமேல்தான் அவன் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும். எனக்கு ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. "எழுதி அனுப்புறேன்டா" என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது.

பட்டா, சிட்டா, அடங்கல் என்றால் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் ஏற்கெனவே கால் கடுக்க நின்றவர்களாகத்தான் இருப்பீர்கள். ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஆபீஸ் என்று தெரிந்துவிடும், நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும். பழைய வட ஆற்காடு, பாலாற்றங்கரை என்பதோடு விடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்தால் மறந்துபோகும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு நிலத்தின்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று, பார்க்கிற வசதி இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டலாம். முன்பெல்லாம் ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, நாலு நாள் கழித்து வா என்பார்கள். நான்காவது நாள் போனால் எழுதுகிறவர் லீவு. இப்போது மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் காசும் கிடையாது. எங்கள் கிராமத்துக்கு 1975 வரை பின்னால் போக முடிகிறது.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே போட்டுப் பார்த்தேன். எங்கள் 80 சென்ட் நிலத்துக்கு மூன்றே பதிவுதான். அதில் ஒன்று 1978, தன்மை என்கிற கட்டத்தில் 'அடமானம்', எழுதிக் கொடுத்தவர் எங்கள் தாத்தா, தொகை 1,500 ரூபாய். எட்டு வருஷம் கழித்து 1986ல் 'ரசீது', அதாவது கடன் தீர்ந்தது. நிலத்தை அடகு வைத்த கதையை வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. தேதியைக் கூர்ந்து பார்த்தேன். பெரிய அத்தை கல்யாணத்துக்குச் சரியாக இருபது நாள் முன்னால். காலையில் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த எட்டு வருஷமும் அவுரு தீபாவளிக்கு வேட்டி எடுக்கல, எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார். ஒரு அரசாங்க இணையதளம் இதையெல்லாம் எனக்குத் தரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

சரி, இப்போது தலைவலிக்கு வருவோம்.

தாத்தா பெயர் 'முனி' என்று ஆரம்பிக்கும். பட்டாவில் 'முனு' என்று இருந்தது. நம்ம பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் இப்படித்தான், வாயால் கூப்பிடுவது முனு, எழுதுவது முனி. நிலத்துக்காரர் தாத்தா என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் இறப்புச் சான்றில் முனி, வாரிசுச் சான்றில் முனி, கிரயப் பத்திரத்தில் முனி, பட்டாவில் மட்டும் முனு. செத்தவர் ஒருத்தர், பட்டாதாரர் வேறொருத்தர். வருவாய்த்துறைக் கணக்குப்படி முனு இன்னும் உயிரோடு இருந்து 80 சென்ட்டுக்குத் தீர்வை கட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா 2018ல் காலமானார். அதற்கப்புறம்தான் வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். மையத்தில் இருந்த பெண் பொறுமைசாலி. ஃபைல் 200 கேபிக்கு மேல் போனால் தளம் வாங்காது என்று பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் சுருக்கிச் சுருக்கி ஏற்றினார். கடைசியில் அந்தப் பத்திரத்தில் முத்திரை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. மூன்று வாரத்தில் செல்லுக்கு மெசேஜ் வந்தது: நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் 'ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை' என்று ஒரே வரி.

என் ஏழு வருஷக் கோபமும் அந்த ஒரு வரி மேல்தான். எந்த ஆவணம்? எதோடு ஒத்துப்போகவில்லை? எதைக் கொண்டுவந்தால் ஒத்துப்போகும்? கேட்பதற்கு அந்தத் தளத்தில் ஆள் கிடையாது, கட்டம் கூடக் கிடையாது. கவுன்ட்டரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசுகிற ஆள் கூட, "தாத்தா பேர் தப்பா கீதுபா, போய் சரி பண்ணினு வா" என்று சொல்லியிருப்பார். நான் மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே வரி. 180 ரூபாய் பெரிசில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மெசேஜ் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

நடுவில் மாவட்டமும் மாறியது. பழைய பத்திரத்தில் வட ஆற்காடு ஜில்லா என்று இருக்கும். 1989ல் திருவண்ணாமலை பிரிந்தபின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர். 2019 நவம்பரில் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. வீடு வேலூர் மாவட்டத்தில் நின்றுவிட்டது, நிலம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. இது தெரியாமல் ஒரு வாரம் வேலூரைத் தேர்ந்தெடுத்துக் கிராமத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தம்பி, நீயும் தேடுவாய், அதனால் சொல்கிறேன்: பட்டா பார்க்கும்போது ராணிப்பேட்டை போடு. வில்லங்கம் பார்க்கும்போது அதை நம்பாதே. பதிவுத்துறையின் மாவட்டப் பிரிவு தனி, வருவாய்த்துறையின் பிரிவு தனி. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதைப் பத்திரத்தின் முத்திரையைப் பார்த்துப் போடு.

முனு எப்படி வந்தார் என்று எனக்கு விளக்கியது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு கிராம நிர்வாக அலுவலர். 1979லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளை எல்லாம் புதுசாக எழுதினார்கள். ஆளைக் கேட்டு எழுதியதும் உண்டு, கேள்விப்பட்டு எழுதியதும் உண்டு. "பழைய அ-பதிவேட்டு நகலை வாங்கு, அதுல முனின்னு இருந்தா ஜெயிச்ச" என்றார். சர்வே எண் வாரியாக நிலத்துக்காரர் பெயரை எழுதி வைக்கிற கிராமக் கணக்குதான் அ-பதிவேடு.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் எங்கள் சர்வே எண் உள்ள பக்கம் மட்டும் வேண்டும் என்று நாலே வரி. முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், 27ஆம் நாள் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஓரம் செல்லரித்த பக்கத்தின் நகலில், சாய்வான கையெழுத்தில், தெளிவாக முனி. 'னி'யின் தலையில் இருப்பதற்கு மேல்விலங்கு என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்த விலங்கில்தான் நான் இத்தனை வருஷம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நகலோடு 1432ஆம் பசலி ஜமாபந்திக்குப் போனேன், 2023ல். பசலி என்றால் வருவாய்த்துறை வருஷம், ஜமாபந்தி என்றால் கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி உட்கார்ந்து சரிபார்ப்பது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்த நில அளவைச் சங்கிலி. கிராமக் கணக்குகள் துணியில் சுற்றிய கட்டாக வந்திருந்தன. அதிகாரி என் மனுவைப் படித்தார். கிராம நிர்வாக அலுவலர் கட்டை அவிழ்த்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதிகாரி முனு மேல் ஒரு விரலும், என் நகலில் முனி மேல் ஒரு விரலும் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஆள்தானே?" என்று கேட்டார். பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் எனக்கு முன்னால் ஆமாம் சொன்னார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. உத்தரவு வர இரண்டு மாதம். அதற்குப் பிறகு இணையதளத்தில் பெயர் மாறியதை டீக்கடையில் நின்றபடியே பார்த்தேன். வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவும் அடுத்த விண்ணப்பத்திலேயே வந்துவிட்டது, அதே 60 ரூபாயில்.

நியாயமாகச் சொன்னால் இணையதளம் இல்லாமல் இது நடந்திருக்காது. ஜமாபந்தியில் நான் நீட்டிய வில்லங்கப் பிரிண்ட் அங்கே எடுத்ததுதான். நகராட்சியில் வீட்டு வரி ஆன்லைனில் கட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. 2019ல் பிறந்த மகளின் பிறப்புச் சான்றை வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டேன். புதிதாகப் பிறந்தவர்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் தங்கம். செத்துப்போன தாத்தாக்களோடுதான் அதற்கு ஒத்துப்போகவில்லை.

இதை எழுதி முடித்து, உன் விஷயத்துக்காக இன்று காலை பட்டா தளத்தைத் திறந்தேன். செல் நம்பர் போட்டேன், ஓ.டி.பி. வரவில்லை. மறுபடி போட்டேன். வந்தது, முந்தைய ஓ.டி.பி. நேற்றைய சாம்பார் மாதிரி. நாலு தடவை. அதனால் மேலே புகழ்ந்ததை எல்லாம் கணக்கில் வைக்காதே.

லீவு போட்டுக்கொண்டு நேரில் வா. விண்ணப்பம் நான் இங்கே ஏற்றிவிடுகிறேன், அதற்கு நீ வேண்டாம். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்கும்போது நிலத்தில் ஆள் நிற்க வேண்டும். வடக்கே இருப்பவர் வரப்பை இரண்டு அடி நம் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார், இதுவரை யாரும் கேட்கவில்லை. பத்திரத்தின் அசலையும் ஆதாரையும் எடுத்து வா. ஆதாரில் சித்தப்பா பெயர் எப்படி இருக்கிறது என்று வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்.