மொறிஸ் மைனர் ஃபானுக்கு வேகக் கொன்ட்ரோலர்: 14 மாசம் ஓடின பிறகு

சிநேகிதன் ஒருத்தன் தன்ர ஒஸ்ரின் காருக்கும் இதைப் பூட்டுவமோ எண்டு கேட்டவன். போன கிழமைதான் என்ர கொன்ட்ரோலர்ப் பெட்டியைக் கழட்டித் திருத்தினனான், கோவம் இன்னும் ஆறேல்லை, எண்டாலும் நியாயமாச் சொல்லப் பாக்கிறன்.

முந்தி றேடியேற்றரைக் குளிராக்கிற கரண்ட் ஃபான் றிலேயிலதான் (முழுசா ஓன், இல்லாட்டி ஓஃப் மட்டும் செய்யிற சுவிச்) ஓடினது. நல்லூர்த் திருவிழா நேரம் பொழுதுபட ஊர்ந்து ஊர்ந்து போகேக்க காருக்குக் கரண்ட் குடுக்கிற டைனமோ ஐடில்ல (எஞ்சின் மெல்லமா ஓடேக்க) ஒண்டும் தராது, ஃபான் டக்கெண்டு எழும்ப ஹெட்லைற் மஞ்சளாப் போயிடும். கொன்ட்ரோலர் போட்ட பிறகு அந்தக் கதையே இல்லை. கரண்டை வெட்டி வெட்டிக் குடுக்கிறதால ஃபான் மெல்லமா எழும்பி சூட்டுக்குத் தக்கனக் கூடிக் குறையும், வேகம் பாதியானா இழுக்கிற பவர் கிட்டத்தட்ட எட்டில ஒரு பங்குதான், டைனமோக் காருக்கு வேறென்ன வேணும்.

ஆனா அந்தச் சத்தம்! குறைஞ்ச வேகத்தில மோட்டர் 'ங்ங்ங்' எண்டு முனகும், போத்தலுக்க வண்டு அடைபட்ட மாதிரி. செக்கனுக்கு 100 தரம் மட்டில வெட்டினா அப்பிடித்தான், 20 கிலோஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 20,000 தரம்) ஏத்தினா காதுக்குக் கேக்காது, ஆனா கரண்டை வெட்டுற சுவிச்சான மொஸ்ஃபெற் கொதிக்கும், அதைத் தாங்கச் செய்யிறதுக்குக் காசு செலவழிக்கோணும். இதைச் செய்தவன் செலவழிக்கேல்லை. 14 மாசமா ஒவ்வொரு ரயில் கேற்றிலயும் அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.

போன கிழமை கார் நிப்பாட்டின பிறகும் ஃபான் ஓடினது, வழமையா ஆறும்வரை கொஞ்சநேரம் ஓடுறதுதானே எண்டு உள்ள போயிட்டன். விடிய பற்றரி செத்துக் கிடக்கு, அண்டைக்கெண்டு அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேணும். திறந்து பாத்தா மோட்டருக்குக் குறுக்க இருந்த டயோட் வெடிச்சு, மொஸ்ஃபெற் ஷோர்ட். 10 அம்பியர் மோட்டருக்கு 3 அம்பியர் டயோட்! வெட்டுற ஒவ்வொரு தரமும் மோட்டர்ச் சுருள் திருப்பித் தள்ளுற கரண்ட் அதுக்குள்ளாலதான் போகோணும். திருத்துற பாஸ் அண்ணை மொஸ்ஃபெற்றையும் மாத்தி, 20 அம்பியர் ஷொற்கி டயோட் (சூடு குறைவா வாற வகை) போட்டுத் தந்தவர், இப்ப பெட்டியைத் தொட்டாக் கை சுடேல்லை. முனகல் மட்டும் அப்பிடியே கிடக்கு.

இன்னொண்டு, அந்தக் காலத்து ஒஸ்ரின், மொறிஸ் பெரும்பாலும் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின்ர பொசிற்றிவ் முனைதான் கார் பொடியோட தொடுத்திருக்கும். நெகற்றிவுக்கு மாத்தி டைனமோவையும் போலறைஸ் பண்ணாம (அதின்ர காந்தத்தையும் அந்தப் பக்கம் திருப்பாம) இதில கை வைக்காதேங்கோ.

போடலாமோ எண்டு கேட்டவனுக்கு இண்டைக்கு என்ர பதில், வேண்டாம். ஆனா என்ரயைக் கழட்டமாட்டன். நேற்று இரவு மழைக்குள்ள வைப்பர், லைற், ஃபான் மூண்டும் ஒண்டா ஓடினது, வெளிச்சம் கொஞ்சமும் அசையேல்லை.