அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு பிட்எக்ஸ்40: எட்டு வருஷப் பயன்பாடு

பிட்எக்ஸ்40 என்பது சிற்றலையில் கேட்கவும் பேசவும் உதவும் சின்ன ஹாம் ரேடியோ செட். 2017 கடைசியில் வாங்கினேன். அன்றிலிருந்து அநேகமாகத் தினமும் காலையில் ஓடுகிறது, அதனால் இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாங்கி ஒரே வாரத்தில் எழுதும் அனுபவங்களைப் படித்தால் சிரிப்புதான் வரும், கல்யாணமான மறுவாரமே மாமியாரைப் பற்றிக் கருத்துச் சொல்வது மாதிரி.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பட்டுக்கோட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன், இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுவதற்கான அனுமதி, எடுத்தது 1989-இல். அப்போது பரீட்சையில் நிமிஷத்துக்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ், அதாவது புள்ளி-கோடு ஒலிக் குறியீடு, கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதைப் பழகுவதற்காகக் காயில் சுற்றிக்கொண்டே வாய்க்குள் டிட் டா டிட் டா என்று சொல்லிக்கொண்டிருப்பேன், மோட்டார் கொண்டுவந்த ஒரு பெரியவர் எனக்குத் திக்குவாய் என்று நினைத்துக்கொண்டு ரொம்பப் பொறுமையாகப் பேசிவிட்டுப் போனார். ரேடியோ பைத்தியம் அதற்கும் முன்னாலேயே பிடித்தது. அப்பாவின் வால்வு செட்டில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும், எங்களுக்குக் கடலைத் தாண்டினால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்தானே. 2017 ஏப்ரலோடு பிபிசி தமிழோசை சிற்றலையில் நின்றுபோனது. அந்த வருஷமே எனக்குப் புது செட் வாங்கும் ஆசை வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டால், இல்லை, உங்களுக்கு எப்பவுமே ஏதாவது வேண்டும் என்பாள்.

சரி, செட்டுக்கு வருகிறேன். பிட்எக்ஸ் என்பது ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் (அவர் கால்சைன், அதாவது ரேடியோ அடையாளப் பெயர், வியூ2இஎஸ்இ) போட்ட டிசைன். 40 மீட்டர் என்ற சிற்றலை பேண்ட் மட்டும், 7 வாட், குரலை அனுப்பும் எஸ்எஸ்பி முறை. ஒரே ஆம்ப்ளிஃபயர் கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த்திசையிலும் வேலை செய்யும், இருதிசை என்று பொருள்படும் 'பைடைரக்ஷனல்' என்பதிலிருந்து வந்ததுதான் பெயரே. போர்டு கட்டி, சோதித்து வந்தது. வெளியே இணைக்க வேண்டியது வால்யூம், டியூனிங், மைக், ஸ்பீக்கர், பேட்டரி, ஆன்டெனா, அவ்வளவே. டப்பா மட்டும் நம் பொறுப்பு. போர்டில் இருக்கும் டொராய்டுகளை, அதாவது வளையக் காயில்களை, கையால் சுற்றியிருக்கிறார்கள், பெண்கள் சுற்றுவது என்று படித்தேன். முப்பது வருஷம் செப்புக் கம்பி சுற்றியவன் சொல்கிறேன், சுற்று சுத்தம்.

டப்பாவுக்கு உலோகம் வேண்டும் என்று தேடியபோது, மூடி சரியாக உட்காராத பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி ஒன்றை அடுப்படியிலிருந்து தந்தாள். 'தந்தாள்' என்பது என் பக்கத்துக் கதை. எவர்சில்வரில் ஓட்டை போடுவது லேசில்லை, இரண்டு டிரில் பிட் மழுங்கி, மூன்றாவதில் எண்ணெய் விட்டு மெதுவாக இறக்கினேன். அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். பவர் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510-இன் முதுகுத்தகடு அதன் டிரெய்ன் காலோடு சேர்ந்தது, அதில் வோல்டேஜ் இருக்கும், அதை டப்பாவில் திருகும்போது நடுவே கரண்ட் கடத்தாத மைக்கா வைக்க வேண்டும். ஊர் மோட்டாருக்கெல்லாம் இன்சுலேஷன் பேப்பர் செருகுகிறவன் இதில் மறந்துவிட்டேன். ஸ்விட்ச் போட்டதும் ஃபியூஸ் பட்டென்று போனது. ஃபியூஸ் போட்டிருந்ததால் போர்டு பிழைத்தது. பிறகு ஒருமுறை ஆன்டெனாவே இணைக்காமல் மைக்கை அழுத்தி ஒரு ஐஆர்எஃப்510-ஐக் கொன்றேன், அதுவும் என் கைங்கரியம்தான். மலிவான பார்ட், கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். இந்த செட்டை எனக்குப் பிடித்துப்போனதே அன்றைக்குத்தான்.

நீண்ட நேரம் பேசினால் டப்பா சூடாகும், சூடானால் பெருங்காய வாசனை வரும். இன்றைக்கும்.

ஆன்டெனா டைபோல், நடுவில் இணைப்பு, இரண்டு பக்கமும் வயர். பக்கத்துக்கு 33 அடி, மொத்தம் 66. எங்கள் தோப்பில் தென்னை 25 அடிக்கு ஒன்று, ஆகவே முதல் மரத்துக்கும் நாலாவது மரத்துக்கும் இடையே 75 அடி, கயிற்றுக்கு இடம் விட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. தேங்காய் பறிக்க வந்த ஆள்தான் மேலே கட்டிக்கொடுத்தார்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் முதல் மரமும் நாலாவது மரமும் இல்லை. கஜா புயல். இடையில் இருந்த இரண்டும் இல்லை. தோப்பில் நாற்பது சொச்சம் மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, ஓடு பாதி போனது, கரண்ட் கிடையாது, செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மகள் தாம்பரத்தில். நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்றே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மட்டைக்கு அடியிலிருந்து வயரை அறுத்து எடுத்தேன், ஒரு பக்கம் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது, முறுக்கிச் சேர்த்து, துணி காயப்போடும் கொடி உயரத்துக்குக் கட்டினேன். அவ்வளவு தாழ்வாகக் கட்டினால் அலை நேரே வானத்துக்குப் போய் முன்னூறு, நானூறு கிலோமீட்டர் சுற்றளவில்தான் இறங்கும். எனக்கு வேண்டியதும் அதுவேதான். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. கேட்க மட்டும் என்றால் கால் ஆம்பியர்கூட இழுக்காது. ஒன்பதரை வரை ஒருவரும் பதில் தரவில்லை. அப்புறம் சென்னையிலிருந்து ஒரு ஓஎம், ஹாம் நண்பரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், குரல் தெரிந்த குரல், என் கால்சைனை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, நம்பர் சொல்லுங்க, நான் பேசுறேன் என்றார். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து, பொண்ணு அழுவுது, ஆனா சந்தோஷமா அழுவுது, அம்மா மாத்திரை போட்டாங்களான்னு கேக்குது என்றார். இவள் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு தெருவே வந்துவிட்டது. நாலு நாளில் 31 வீட்டுச் சேதி, கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சாதாரண நாளில் அடுத்தவர் சேதியை ஹாமில் அனுப்பக் கூடாது, பேரிடர் என்றால் வேறு. பேட்டரியை டிராக்டரில் சார்ஜ் ஏற்றித் தந்தவர் முன்பு என் ஆன்டெனாவால்தான் அவர் வீட்டில் இடி விழும் என்று சண்டைக்கு வந்தவர்.

குறை சொல்லாவிட்டால் அனுபவப் பகிர்வு ஆகாது. சத்தத்தைத் தானே சமப்படுத்தும் ஏஜிசி கிடையாது, டிசைனே அப்படி. மெல்லிய குரலைக் கேட்க வால்யூமை ஏற்றி வைத்திருக்கும்போது பக்கத்து ஜில்லாக்காரர் திடீரென்று வந்தால் காது கிழியும், கை எப்போதும் குமிழில் இருக்க வேண்டும். 7 வாட்டுக்கு நூறு வாட் ஆட்கள் நடுவே வரிசையில் கடைசி இடம்தான். எல்லா பேண்டும் வேண்டுமென்றால் அடுத்து வந்த மைக்ரோ பிட்எக்ஸ், 10 வாட், அதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, செட்டைக் குறை சொல்லும் முன் சூரியனைப் பார்க்க வேண்டும், நம் அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வான அடுக்கு அதை நம்பித்தான் இருக்கிறது. 2018, 19-இல் சூரியன் அடங்கியிருந்தபோது காலை ஏழு மணிக்குச் சென்னை கேட்காது, தூரத்துக்காரர்கள் குரல் மட்டும் கேட்கும், எட்டரை ஒன்பதுக்குத்தான் பக்கத்து ஊர்கள் எழும்பும். இப்போது ஏழுக்கே கேட்கிறது. 2024 மே 11 காலை பேண்ட் மொத்தமும் வெறும் இரைச்சல். பெட்டியைத் திறந்து, மீட்டர் வைத்து, ஒரு மணி நேரம் தோண்டினேன். முந்தின ராத்திரி பெரிய சூரியப் புயல், லடாக்கில் வானமே சிவந்திருந்ததாம். செட்டில் ஒன்றுமில்லை.

சூரியனுக்கு அடுத்த எதிரி மிக்ஸி. கார்பன் பிரஷ் பொறி அத்தனையும் 40 மீட்டரில் கேட்கும். பிரஷ் மாற்றி, கெபாசிட்டர் போட்டேன், பாதிதான் குறைந்தது. கடைசியில் ஒப்பந்தம்: ஏழிலிருந்து ஏழரை வரை சட்னி கிடையாது. யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடும் 'சிக்யூ சிக்யூ'வை நான் ஆரம்பித்ததும், காக்காயைக் கூப்பிட்டாச்சா, சோறு வைக்கவா என்பாள். ஆனால் கஜாவுக்கு அப்புறம், ஹாம்கள் கூடிப் பேசும் நெட்டில் அந்தச் சென்னைக்காரர் குரல் வந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்கிறாள்.

மகள் 2021-இல் ஹாம் பரீட்சை எழுதினாள், வியூ3 கால்சைன் வந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது, அப்பா, நீங்க ஒரு மைக்ரோ பிட்எக்ஸ் வாங்கிக்குங்க, இதை நான் எடுத்துட்டுப் போறேன் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது: "உள்ள இருக்கிறதை எடுத்துட்டுப் போ. பெட்டி என்னோடது."