பெருவிரல் மூட்டில் சவ்வு வளர்ப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள், ஏமாற வேண்டாம்

என் வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மூட்டில், வலி தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் இடியப்ப உரலைப் பிழியும்போது மட்டும் சுள்ளென்று குத்தும். கையை உதறினால் போய்விடும். பிறகு போத்தல் மூடியைத் திறக்கவும் கதவுச் சாவியைத் திருப்பவும் இடது கையை நாட வேண்டியதாயிற்று. அந்த நிலையில்தான், தெரிந்தவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன்.

அங்கே எக்ஸ்ரே எடுக்கவில்லை. "சவ்வு தேய்ந்திருக்கிறது அம்மா, பன்னிரண்டு தடவை வாருங்கள், திரும்ப வளர்ந்துவிடும்" என்று சொல்லி (எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான் சவ்வு என்கிறார்கள்), 96,000 ரூபாயை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள்; கட்டினேன். முதல் நாளே மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு "சத்து மருந்து" என்பதே பதில். பற்றுச்சீட்டில் "சிகிச்சைக் கட்டணம்" என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. வழக்கமாகக் காலையில் 130 அளவில் நிற்கும் என் இரத்தச் சீனி, மறுநாள் 270 காட்டியது. ஆனாலும் ஐந்து வாரம் வலி அடியோடு இல்லாமற்போனதால், சவ்வு வளர்கிறது என்றே நம்பினேன். ஆறாவது வாரம் வலி திரும்பியபோது, இன்னுமொரு பன்னிரண்டு தடவைக்குப் பணம் கேட்டார்கள்.

அதன் பிறகுதான் கைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, குதிரைச் சேணம்போல் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்க வேண்டிய இரண்டு எலும்புகளுக்கிடையே இருந்த வெளி ஏறக்குறைய மூடிப்போயிருப்பதைக் காட்டினார். 1973இல் ஈட்டன், லிட்லர் என்ற இரு மருத்துவர்கள் இந்த மூட்டுத் தேய்வை நான்கு படிகளாக வகுத்தார்களாம். முதற்படியில் தசைநார் தளர்ந்து மூட்டு வீங்கியிருக்கும், படத்தில் குறை தெரியாது. இரண்டாவதில் வெளி சற்றுக் குறுகி, 2 மில்லிமீற்றருக்குட்பட்ட எலும்பு முளைகள் தோன்றும். மூன்றாவதில் வெளி பெரிதும் குறைந்து முளைகள் அதைவிடப் பெரிதாகும். நான்காவதில் பக்கத்து மூட்டும் சேர்ந்து தேயும். நான் இருப்பது மூன்றாவதில். பெருவிரல் அடியில் புடைத்து நிற்கும் அந்த மேடு வீக்கமல்ல, எலும்பின் அடி வெளிப்புறமாக நகர்ந்ததால் வந்தது என்பதும், விரல் உள்ளங்கைப் பக்கம் இழுபடுவதால்தான் தேநீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை என்பதும் அன்றுதான் விளங்கின. நுனியில் கிள்ளிப் பிடிக்கும் விசை அடிமூட்டில் பன்னிரண்டு மடங்கு வரை பெருகுமாம். இடியப்ப உரல் ஏன் அப்படிக் குத்தியது என்பதற்கு அதுவே விடை.

இந்த மூட்டுத் தேய்வு நோய் நேர்கோட்டில் வளர்வதில்லை என்பதைத்தான் எல்லோரும் அறிய வேண்டும். சில வாரம் வலி கூடி, பல மாதம் தானாகவே அடங்கும். படத்தில் தேய்வு கூடியிருக்கும்போதே மூட்டு இறுகி வலி குறைந்தவர்களும் உண்டு. அப்படித் தானாக வரும் நல்ல காலத்தையும், ஊசி தரும் தற்காலிக ஆறுதலையும், சவ்வு வளர்ந்ததற்குச் சான்றாகக் காட்டித்தான் பணம் பறிக்கிறார்கள். எனக்குப் போட்டது பெரும்பாலும் ஸ்டீரொய்ட் ஊசியாக இருக்கலாம், சீனி ஏறியதற்கும் அதுவே காரணமாகலாம் என்றார் நிபுணர். அது முறையான வைத்தியத்தில் உள்ள மருந்துதான். பெயரை மறைத்து, சீனி வருத்தம் உள்ள ஒருத்திக்குப் போட்டதே குற்றம். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாக நிறுவப்பட்ட சிகிச்சை எதுவும் இன்று இல்லை. இப்போது நான் பெருவிரலை அசையாமல் தாங்கும் கட்டை அணிந்து, பூச்சு மருந்து பூசி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சிகளைச் செய்கிறேன். தாங்க முடியாமற்போனால் அடியிலுள்ள சிறிய எலும்பை அகற்றும் சத்திரசிகிச்சை இருக்கிறது.

ஊசி போடுமுன் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மீதித் தடவைகளுக்கான பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்ததால், பற்றுச்சீட்டின் பிரதியுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். இதேபோல் பணம் கட்டியவர்கள் தங்கள் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.